ஒரே வீட்டில் மூன்று குடித்தனம்: சர்வர் மெய்நிகராக்கம் ஓர் எளிய அறிமுகம்

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டு இயங்குதளமும் பாடமாக உள்ளது. அதைச் செய்துகாட்ட, சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வகக் கணினி ஒன்றில் உபுண்டுவை நிறுவினேன். ஒரு தெரிவைத் தவறாக அழுத்தியதால் வன்தட்டு முழுவதும் அழிந்தது. "என் ப்ராஜெக்ட் திரும்ப வராதா சார்?" என்று கேட்ட மாணவிக்கு என்னிடம் பதில் இல்லை. மெய்நிகராக்கம் பற்றி அப்போதே அறிந்திருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

ஒரு கணினியை மென்பொருள் மூலம் பல கணினிகளாக இயங்கச் செய்வதே மெய்நிகராக்கம். ஒரு பணிக்கு ஒரு சர்வர் என்று வைத்தால், பெரும்பாலான நேரம் அது வேலையின்றி மின்சாரத்தைச் செலவழிக்கும். ஒரே சர்வரைப் பல பணிகளுக்குப் பகிர்ந்தால் அந்த வீண் குறையும். 1960களில் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் பிறந்த முறை இது. ஆரணியில் என் மாணவர்கள் பலர் தறி வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு இதன் மூன்று வகைகளை இப்படித்தான் விளக்குகிறேன்.

1. சொந்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுதல்

விர்ச்சுவல்பாக்ஸ் இவ்வகை. விண்டோஸின் மேல் ஒரு செயலியாக இயங்கும். அதற்குள் உபுண்டுவை நிறுவலாம். உபுண்டு முழுவதும் ஒரு கோப்புக்குள் அடங்கிவிடும். பிழை நேர்ந்தால் அக்கோப்பை நீக்கினால் போதும், விண்டோஸுக்குப் பாதிப்பில்லை. ஆனால் ரேமை இரண்டும் பங்கிடுவதால் 4 ஜிபி கணினி திணறும். 8 ஜிபி நல்லது. பயாஸில் ‘விர்ச்சுவலைசேஷன்’ வசதியை இயக்கியிருக்க வேண்டும்.

2. குடித்தனங்களுக்கென்றே கட்டிய வீடு

இங்கே விண்டோஸ் போன்ற அடித்தளம் இல்லை. ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளே சர்வரை நேரடியாக ஆண்டு, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ரேம், வன்தட்டு ஆகியவற்றைப் பிரித்துத் தரும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, அதாவது தனி இயங்குதளம். விஎம்வேர் வணிக மென்பொருள். பிராக்ஸ்மாக்ஸ் கட்டற்ற மென்பொருள். தடுப்புச் சுவர் கனமானது, பாதுகாப்பு அதிகம்.

3. ஒரே கூரையின் கீழ் பல தறிகள்

2013இல் வெளியான டாக்கர் பரவலாக்கிய கன்டெய்னர் முறை இது. தறிக்குத் தறி சேலை வேறு, கூரை ஒன்றே. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எல்லாக் கன்டெய்னர்களும் பகிர்கின்றன. எனவே எடை குறைவு. சில நொடிகளில் தொடங்கும். கூட்டம் அதிகரித்தால் தறிகளைக் கூட்டலாம். ஆனால் கூரை ஒழுகினால் எல்லாத் தறிகளும் நனையும். நம் பாடநூலின் கியூ.ஆர். குறியீட்டை வருடினால் திறக்கும் தீக்ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு அடிப்படையான சன்பேர்டு மென்பொருள் கன்டெய்னர்களில்தான் இயங்குகிறது.

எதைத் தேர்வது?

வகுப்பில் செய்துகாட்ட முதல் வகை போதும். ஒரே சர்வரில் வெவ்வேறு இயங்குதளங்கள் வேண்டுமெனில் இரண்டாவது. ஒரே செயலியைப் பல்லாயிரம் பேர் பயன்படுத்தினால் மூன்றாவது.

ஓர் எச்சரிக்கை: வீடே இடிந்தால் மூன்று குடித்தனமும் தெருவுக்கு வரும். மெய்நிகராக்கம் காப்பு நகலுக்கு மாற்றாகாது. மாணவர் கோப்புகளை வேறொரு வன்தட்டிலும் சேமியுங்கள்.

இப்போது என் மாணவர்களே விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டுவை நிறுவுகிறார்கள், தவறு செய்கிறார்கள், அழித்துவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். தவறு செய்யப் பயப்படாமல் கற்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.