எஃகு வீங்குமா? விடை சொல்லும் அயனிக் கற்றை

தண்ணீரில் ஊறிய மரம் உப்பும். எஃகு உப்புமா? அணு உலைக்குள் நீண்ட காலம் இருந்தால் அதுவும் உப்பும்! ஸ்காட்லாந்தின் டவுன்ரே வேக அணு உலையில் இருந்த துருப்பிடிக்காத எஃகை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்த காதோர்ன், ஃபுல்டன் என்ற இருவர், அதனுள் ஏராளமான நுண்துளைகளைக் கண்டதாக 1967இல் அறிவித்தனர்.

இது சின்ன விஷயமில்லை. வேக உலையில் எரிபொருள் நிரம்பிய மெல்லிய எஃகுக் குழாய்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இடையில் உள்ள சிறு இடைவெளியில் திரவச் சோடியம் பாய்ந்து வெப்பத்தை அகற்றும். குழாய்கள் வீங்கினால் அந்த வழி குறுகும், வெப்பம் ஏறும்.

துளைகள் எப்படி உண்டாகின்றன?

கேரம் பலகையில் அடுக்கிய காய்களை ஸ்டிரைக்கர் சிதறடிப்பதை நினைத்துப் பாருங்கள். வேகமான நியூட்ரான் ஓர் அணுவை மோதித் தள்ளுகிறது. அது மற்ற அணுக்களைத் தள்ளுகிறது. பெரும்பாலானவை கண்ணிமைக்கும் நேரத்திற்கும் மிகக் குறைந்த நேரத்தில் காலி இடங்களில் அமர்ந்துவிடும். சில மட்டும் வேறிடம் போய்விடும். எஞ்சிய காலி இடங்கள் ஒன்றுசேர்ந்தால் துளையாகின்றன. அதனால் உலோகத்தின் பருமன் கூடுகிறது.

ஓர் அணு சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்ந்தது என்பதே சேதத்தின் அளவுகோல். வேக உலையின் எரிபொருள் குழாயில் இது 100 முறையைத் தொடலாம்.

ஆண்டுகளை நாள்களாக்கும் வழி

புதிய எஃகை உலையில் வைத்தே சோதிக்கப் பல ஆண்டுகள் ஆகும். வெளியே எடுத்த மாதிரியும் கதிரியக்கம் மிக்கது. தடித்த சுவருக்குப் பின்னால் இயந்திரக் கைகளால்தான் அதைத் தொட முடியும்.

இங்கேதான் துகள் முடுக்கி உதவுகிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, அயனிக்கு உண்டு. ஆகவே நிக்கல் அல்லது இரும்பு அயனிகளை மின்னழுத்தத்தால் விரைவுபடுத்தி எஃகின் மீது பாய்ச்சலாம். கனமான இந்த அயனிகள் சில மணி நேரம் முதல் சில நாள்களுக்குள் அதே அளவு சேதத்தை உண்டாக்கிவிடும். இந்த ஆற்றலில் மாதிரி கதிரியக்கம் பெறுவதும் இல்லை.

வீக்கத்தை அளக்கும் ஒரு முறை எளிமையானது. மாதிரியின் ஒரு பகுதியை மூடிவிட்டு, மறு பகுதியில் மட்டும் அயனிகளைப் பாய்ச்சுகிறார்கள். கீழே உள்ள எஃகு அசையாது. ஆகவே சேதமடைந்த அடுக்கு மேல்நோக்கி மட்டுமே வீங்கும். மூடியை அகற்றினால் இரண்டுக்கும் நடுவே ஒரு படி தெரியும். 1 மைக்ரோமீட்டர் அடுக்கு 10 விழுக்காடு வீங்கினால் படியின் உயரம் 0.1 மைக்ரோமீட்டர். நுண்ணிய ஊசியை மேற்பரப்பில் நகர்த்தி அதை அளக்கலாம்.

தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் தன் 1.7 மெகாவோல்ட் முடுக்கியில் இத்தகைய சோதனைகளைச் செய்துள்ளது. டைட்டானியம் கலந்த எஃகில், அதன் அளவு மாறும்போது வீக்கமும் மாறுவதை அங்கு கண்டனர்.

குறுக்குவழியின் விலை

இம்முறையில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, அயனி ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழமே போகும். இது தலைமுடியின் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. முழுக் குழாயின் வலிமையை அந்த அடுக்கை வைத்து நேரடியாகச் சொல்ல முடியாது.

இரண்டு, சேதம் மிக வேகமாக நிகழ்வதால், அணுக்கள் நகர்ந்து சீராகப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதை ஈடுகட்ட மாதிரியை உலையைவிடக் கூடுதலாகச் சூடாக்குகிறார்கள்.

மூன்று, உலையில் நியூட்ரான்கள் எஃகுக்குள் ஹீலியத்தையும் உண்டாக்கும். இந்த வாயு துளைகள் வளரத் துணைபோகும். நிக்கல் கற்றை அதைத் தராது. ஆகவே ஹீலியத்தைத் தனியாகச் செலுத்த வேண்டும். பிரான்சின் சாக்லேயில் உள்ள ஜானஸ் கூடத்தில் மூன்று முடுக்கிகளின் கற்றைகளை ஒரே மாதிரியின் மீது ஒரே நேரத்தில் பாய்ச்சலாம்.

மாணவர்களே, அயனிக் கற்றைச் சோதனை பள்ளியின் முன்னோட்டத் தேர்வு போன்றது. தேறாத உலோகங்களைச் சில நாள்களில் கழித்துவிடலாம். தேறியவை, அணு உலை என்னும் இறுதித் தேர்வையும் எழுதியே ஆக வேண்டும்.