வீட்டிலேயே செய்யலாம் ஜிபிஎஸ்!
நியோ-6எம் என்ற சிறிய ஜிபிஎஸ் போர்டு, ஒரு யுஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர், நான்கு ஒயர்கள். குறைந்த செலவில் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஜிபிஎஸ் தயார்! மின்சாரத்துக்கு இரண்டு ஒயர்கள். போர்டின் டிஎக்ஸ் பின் கன்வெர்ட்டரின் ஆர்எக்ஸ் பின்னுக்கு, ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. மொட்டை மாடியில் வைத்து, டெர்மினல் புரோகிராமில் வேகத்தை 9600 என அமையுங்கள். என்எம்இஏ வரிகள் ஓடும். ஜிபிஎஸ் இணைப்புள்ள ரேடியோ ஸ்கேனர்களும் இவற்றைத்தான் படிக்கின்றன.

புதுக்கோட்டையில் அட்சரேகை 1022.8 என்பதுபோல வரும். இது 10.228 டிகிரி அல்ல. 10 டிகிரி, 22.8 நிமிடம். 22.8-ஐ 60-ஆல் வகுத்தால் 0.38. ஆக, 10.38 டிகிரி. தவறாகப் படித்தால் இடம் சுமார் 17 கிலோமீட்டர் தள்ளிப்போகும்!

பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தப்படி வகுத்த இந்திய-இலங்கை எல்லையைத் தாண்டினால் கைதாக நேரிடும் ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கடலுக்கு இந்தக் கருவி வேண்டாம். கற்றுக்கொள்ள இது போதும்.