விண்வெளியில் கீச்சிடும் அலைகள்

1994 ஜனவரி 20ஆம் தேதி கனடாவில் பல வீடுகளில் தொலைக்காட்சிப் படம் திடீரென மறைந்தது. வடக்கே உள்ள ஊர்களுக்குத் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. நாளிதழ்களுக்கும் வானொலிகளுக்கும் செய்தி போய்ச் சேரவில்லை. அனிக் இ1, அனிக் இ2 ஆகிய இரண்டு துணைக்கோளங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்ததே காரணம். முதலாவது சில மணி நேரத்தில் சரியானது. இரண்டாவதை மீட்கப் பல மாதங்கள் பிடித்தன.

அதிவேக எலெக்ட்ரான்கள்தாம் இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அவை துணைக்கோளத்தின் உள்ளே புகுந்து தேங்கும். மின்னூட்டம் அளவு மீறும்போது சின்ன மின்னல்போல் வெடித்து மின்சுற்றைக் கெடுத்துவிடும்.

பூமியைச் சுற்றி இத்தகைய துகள்கள் சிக்கியிருக்கும் வளையங்கள் உள்ளன. 1958இல் அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் இதைக் கண்டறிந்தார். ஆனால், அந்த எலெக்ட்ரான்களுக்கு அவ்வளவு வேகம் எப்படி வந்தது?

இதற்கான விடை அலைகளில் இருக்கிறது. பூமியைச் சூழ்ந்த விண்வெளி வெறும் வெற்றிடமன்று. அங்கே பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களால் ஆன மிக மெல்லிய வாயு, பரவியிருக்கிறது. சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும்போது அதில் அலைகள் எழுகின்றன. அவற்றுள் ஒரு வகைக்குக் 'கோரஸ்' என்று பெயர். காற்றில்லாத இடத்தில் ஒலி இல்லைதான். ஆனாலும், அந்த அலையைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விட்டால், விடியற்காலைப் பறவைகள் கூடிக் கீச்சிடுவதுபோல் கேட்கும்.

ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் அது மேலும் மேலும் உயரும் அல்லவா? எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியோடு கோரஸ் அலை ஒத்துப்போகும்போது அவை வேகம் பெற்று, ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. 2012இல் நாசா அனுப்பிய இரட்டை வான் ஆலன் ஆய்வுக்கலங்கள் வளையத்துக்குள்ளேயே சென்று அளந்தன. வளையத்தின் நடுவிலேயே எலெக்ட்ரான்கள் முடுக்கப்படுவதற்கு 2013இல் வலுவான ஆதாரம் வெளியானது. அந்தக் கலங்களின் பணி 2019இல் நிறைவுற்றது.

இதே அலைகள் சில எலெக்ட்ரான்களைக் காற்று மண்டலத்துக்குள் தள்ளி, துருவ வானில் ஒளியையும் துடிக்கச் செய்கின்றன.

மலேசியாவின் மீசாட் துணைக்கோளங்கள் நிற்கும் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரமும் இந்த வெளி வளையத்தின் எல்லைப் பகுதிதான். வீட்டுக் கூரையில் இருக்கும் வட்டத் தட்டுக்குப் படம் தடையின்றி வர வேண்டுமானால், அந்தக் கீச்சொலியையும் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.