காவிரிச் சுழியும் வியாழனின் பட்டைகளும்

வியாழன் கோளைச் சிறிய தொலைநோக்கி வழியே பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படுவன, அதன் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இழுத்துக் கட்டியதுபோல் ஓடும் இரண்டு பழுப்புப் பட்டைகளே. அவை தரையின் நிறமல்ல. தரையென்று ஒன்றே இல்லாத அந்த ஹைட்ரஜன், ஹீலியம் கோளத்தின் மேற்பரப்பில் மேகங்கள் காற்றின் போக்குக்கு ஏற்ப வரிசைப்பட்டிருக்கும் கோலம். இடையிடையே தெரியும் வெளிர்ப் பட்டைகளில் அம்மோனியாப் பனித்துகள் மேகங்கள் உயரமாகவும் அடர்த்தியாகவும் படர்ந்திருக்க, கரும்பட்டைகளில் அவை மெலிந்து ஆழத்து மேகங்கள் வெளிப்படுகின்றன.

காற்று ஏன் பட்டை பட்டையாக ஓட வேண்டும்? ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து திருச்சித் தெருக்களில் புழுதி கிளப்பும் தென்மேற்குக் காற்று, தென் அரைக்கோளத்திலிருந்து நிலநடுக்கோட்டைக் கடந்து வந்தபின் பூமியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பிய காற்றுதான். இவ்வாறு திருப்பிவிடும் தன்மைக்கே கொரியோலிஸ் விளைவு என்று பெயர். பூமியைவிட 11 மடங்கு விட்டமுள்ள வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஒரு சுற்றை முடித்துவிடுவதால், அங்கே இந்தத் திருப்பம் மிகக் கடுமையானது. வடக்கு தெற்காக நகர முயலும் காற்று வெகுதூரம் போக முடியாமல் கிழக்கு மேற்காக மடக்கப்படுகிறது. பூமியின் ஒவ்வொரு அரைக்கோளத்திலும் காற்று ஏறியிறங்கும் வளையங்கள் மூன்றே. வியாழனில் எட்டு இருப்பதாக ஜூனோ விண்கலத் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் சுழற்சி வழியை வகுக்குமே தவிர, காற்றை ஓட்டாது. மேட்டூரில் நீர் திறக்கும் நாள்களில் ஸ்ரீரங்கத்துக் காவிரிக் கரையிலுள்ள அம்மா மண்டபம் படித்துறையில் நின்று கவனிப்பவர், பாலத்துத் தூண்களில் மோதிய நீர் பின்னால் சுழிகளாகச் சுருண்டு, ஒரு பூச்சரத்தை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, சிறு சிறு சுழிகளாக உடைந்து அடங்குவதைக் காணலாம். ஆற்றில் பெரியது சிறியதாகி மடியும். வியாழனில் நடப்பது இதற்கு நேர்மாறு. வேகச் சுழற்சியும், அகலத்தோடு ஒப்பிட மிக மெல்லியதான மேக அடுக்கும் காற்றைக் கிட்டத்தட்டத் தட்டையான பரப்பில் அடைத்துவிடுவதால், உள்வெப்பம் எழுப்பும் சிறு சுழல்கள் உடையாமல் தம் ஆற்றலைப் பெரிய ஓட்டங்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. சுழல்கள் தாரைக் காற்றுகளுக்கு, அதாவது மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரே திசையில் பாயும் குறுகிய ஓட்டங்களுக்கு, வேகம் ஊட்டுவதை வாயேஜர் (1979), காசினி (2000) விண்கலங்களின் படங்களில் மேகத்துணுக்குகளின் நகர்வை அளந்தவர்கள் கண்டறிந்தனர். சிறியவை ஊட்டிப் பெரியதை வளர்க்கும் இந்தத் தலைகீழ்க் கணக்கே பட்டைகளின் நெடுவாழ்வுக்குப் பெருங்காரணம் எனலாம்.

வியாழனின் பெரும் செம்புள்ளி என்னும் சுழலும் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு தாரைகளுக்கு நடுவே சிக்கியிருப்பதுதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீரங்கம் இதற்கு உவமையாகத் தோன்றலாம். ஆனால் முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளும் கிழக்கு நோக்கியே ஓடுவதால் உவமை பாதியிலேயே நின்றுவிடுகிறது. 

வியாழனின் இந்தத் தாரைக் காற்றுகள் மேகத்தோடு நின்றுவிடும் மேற்பூச்சா என்பது நெடுநாள் வழக்கு. ஜூனோ கடந்து செல்கையில் ஈர்ப்பு விசையில் தென்பட்ட நுண்ணிய ஏற்ற இறக்கங்கள், தாரைகள் சுமார் 3,000 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்குவதை 2018இல் உறுதிசெய்தன. அவற்றுக்கிடையே சுழலும் செம்புள்ளியோ 500 கிலோமீட்டருக்குக் கீழே போவதில்லை.