அணைக்கப்பட்ட மின்கம்பியும் உயிரைப் பறிப்பது ஏன்? லைன்மேன்களைக் காக்கும் ஐந்து படிகள்

மின்கம்பத்தில் பழுது நீக்கும்போது லைன்மேன் உயிரிழந்ததாக வரும் செய்திகளில், மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று நம்பி அவர் கம்பத்தில் ஏறினார் என்ற தகவல் அடிக்கடி இடம்பெறுகிறது. துண்டிக்கப்பட்ட கம்பியில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அதைத் தடுக்க என்ன வழி என்ற கேள்விகளுக்கு மின் பொறியியலில் நீண்ட காலமாகவே தெளிவான விடை உள்ளது. அந்த விடை பணியிடத்தில் ஒவ்வொரு முறையும் முழுமையாகப் பின்பற்றப்படுகிறதா என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளின்படி, நாட்டில் மின்சாரம் தாக்கி உயிரிழப்போரின் எண்ணிக்கை ஆண்டுக்கு 10,000-ஐத் தாண்டுகிறது. விவசாயிகள், கட்டுமானத் தொழிலாளர்கள், வீடுகளில் இருப்போர் எனப் பல தரப்பினரும் இதில் அடங்குவர். மின் விநியோக ஊழியர்களைப் பொறுத்தவரை, ஆபத்து என்பது அவர்களது அன்றாட வேலையின் ஒரு பகுதியாகவே உள்ளது.

உடலில் மின்சாரம் பாயும்போது

மின்சாரத்தின் தாக்கத்தைத் தீர்மானிப்பது உடல் வழியாகப் பாயும் மின்னோட்டத்தின் அளவும், அது நீடிக்கும் நேரமும் ஆகும். ஒரு மில்லிஆம்பியர் அளவில் லேசான உறுத்தல் தெரியும். ஏறத்தாழ 10 மில்லிஆம்பியரில் தசைகள் இறுகி, பிடித்த கம்பியைக் கையால் விட முடியாமல் போகக்கூடும். 30 மில்லிஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் நீடித்தால் மூச்சும் இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம். வீடுகளில் பொருத்தப்படும் கசிவு மின்னோட்டத் தடுப்புக் கருவிகள் 30 மில்லிஆம்பியரில் இயங்குமாறு வடிவமைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

வியர்வையாலும் மழையாலும் நனைந்த தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். உடலின் மின்தடை 1,000 ஓம் என்று கொண்டால், வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டிலேயே 230 மில்லிஆம்பியர் பாயும். தெருக்களில் செல்லும் உயர் அழுத்தக் கம்பியில் இருப்பதோ 11,000 வோல்ட். அதில் கை பட வேண்டும் என்பதுகூட இல்லை. மிக அருகில் சென்றாலே காற்றின் ஊடாக மின்பொறி பாய்ந்துவிடும்.

அணைத்த கம்பி உயிர்பெறுவது எப்படி?

துணை மின்நிலையத்தில் சுவிட்ச் அணைக்கப்பட்ட பின்னரும் கம்பியில் மின்சாரம் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, பாதை மாறிப் போதல். ஒரே துணை மின்நிலையத்திலிருந்து பல 11 கிலோவோல்ட் பாதைகள் புறப்படுகின்றன. சில இடங்களில் இரண்டு பாதைகள் ஒரே கம்பத்தில் செல்கின்றன. தொலைபேசியில் சொன்ன பெயர் தவறாகக் கேட்கப்பட்டால், ஒரு பாதை அணைக்கப்பட்டிருக்க, லைன்மேன் மற்றொரு பாதையில் கை வைக்க நேரிடும்.

இரண்டாவது, சுவிட்சின் பழுது. கம்பத்தின் கீழிருந்து கைப்பிடியால் இயக்கப்படும் ஏ.பி. சுவிட்சில் மூன்று கம்பிகளுக்கும் தனித்தனி அலகுகள் உள்ளன. துருப்பிடித்த அல்லது உருகி ஒட்டிய ஓர் அலகு திறக்காமல் நின்றுவிடலாம். கைப்பிடி முழுமையாக இறங்கியிருக்கும். மூன்றில் ஒரு கம்பியில் மட்டும் மின்சாரம் தொடரும்.

மூன்றாவது, பின்னோக்கிப் பாயும் மின்சாரம். தெருவில் உள்ள மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அதே மின்மாற்றி எதிர்த்திசையிலும் இயங்கும். மின்தடையின்போது ஒரு கடையிலோ திருமண மண்டபத்திலோ ஜெனரேட்டர் இயக்கப்பட்டு, அது மின்வாரிய இணைப்பிலிருந்து முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்தால், அதன் 230 வோல்ட் மின்மாற்றி வழியாகப் பின்னோக்கிச் சென்று உயர் அழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக மாறும். தெரு முழுவதன் மின்சுமையும் சேர்ந்தால் சிறிய ஜெனரேட்டர் தாங்காமல் நின்றுவிடக்கூடும். ஆனால் எப்போது நிற்கும், எப்போது நிற்காது என்பதைக் கம்பத்தின் மேலிருந்து அறிய வழியில்லை.

நான்காவது, தூண்டல். அணைக்கப்பட்ட பாதைக்கு இணையாகவோ அதன் மேலாகவோ உயர் அழுத்தப் பாதை சென்றால், தொடர்பு ஏதுமின்றியே அணைத்த கம்பியில் மின்னழுத்தம் உருவாகும். மின்கேபிள்களிலும் மின்தேக்கிகளிலும் அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஐந்தாவது, உரிய நேரத்துக்கு முன்பே மின்சாரம் கொடுக்கப்படுதல். ஒரே பாதையில் இரண்டு குழுக்கள் வேலை செய்யும்போது, ஒரு குழு பணி முடிந்ததாகத் தெரிவித்ததும் மற்றொரு குழு கம்பத்தில் இருப்பதை அறியாமல் சுவிட்ச் போடப்படும் அபாயம் உண்டு.

ஐந்து படிகள்

இந்த ஐந்து அபாயங்களுக்கும் விடையாகவே பாதுகாப்பு நடைமுறை வகுக்கப்பட்டுள்ளது. மின்பாதையைப் பிரித்தல், பூட்டுதல், சோதித்தல், புவியிணைப்புச் செய்தல், பணியிடத்தை வரையறுத்தல் என்பவையே அந்தப் படிகள். இவற்றில் ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்று தேவையற்றதாகிவிடாது.

முதல் படியில், மின்சாரம் வரக்கூடிய எல்லாப் பக்கங்களிலிருந்தும் பாதை பிரிக்கப்பட வேண்டும். வேறொரு துணை மின்நிலையத்திலிருந்து மாற்று இணைப்பு இருந்தால் அதையும் திறக்க வேண்டும். பிரிந்த இடைவெளியை மூன்று கம்பிகளிலும் கண்ணால் பார்த்து உறுதி செய்வது அவசியம்.

இரண்டாம் படியில், திறந்த சுவிட்ச் பூட்டப்பட்டு, 'ஆட்கள் வேலை செய்கின்றனர்' என்ற அறிவிப்புப் பலகை தொங்கவிடப்படுகிறது. சாவி பணிக்குழுவின் பொறுப்பாளரிடம் இருக்கும்.

மூன்றாம் படி சோதனை. மின்னழுத்தத்தைக் காட்டும் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்து, அது சரியாக இயங்குகிறதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் வேலை செய்யவுள்ள கம்பிகள் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். இறுதியாக மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் கருவியைச் சரிபார்க்க வேண்டும். இடையில் கருவி பழுதாகியிருந்தால், அது ஒளிராததை மின்சாரம் இல்லை என்று தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தை இந்த மூன்றாவது சரிபார்ப்பே தடுக்கிறது.

நான்காம் படியான புவியிணைப்பு, உயிர் காப்பதில் கடைசி அரணாக விளங்குகிறது. காப்பிடப்பட்ட நீண்ட தடியின் உதவியுடன் கம்பிகள் மூன்றும் ஒன்றோடொன்றும் நிலத்தோடும் இணைக்கப்படுகின்றன. தவறுதலாகத் துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தால், அது குறுக்குச்சுற்றாகி, பாதுகாப்புக் கருவி நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். தங்கிய மின்னூட்டமும் தூண்டப்பட்ட மின்னழுத்தமும் நிலத்துக்குச் சென்றுவிடும். மின்சாரம் எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்பதால், பணியிடத்தின் இரு பக்கங்களிலும் புவியிணைப்பு தேவை.

இதில் வரிசை முக்கியம். முதலில் நிலத்தின் பக்கம் இணைக்கப்பட்டு, அதன் பிறகே தடி கம்பியில் மாட்டப்படும். எடுக்கும்போது கம்பியின் பக்கம் முதலிலும் நிலத்தின் பக்கம் கடைசியிலும் கழற்றப்படும். இந்த வரிசை மாறினால், பாதுகாப்புக்காகக் கொண்டுவந்த கருவியே ஊழியரின் கைக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்துவிடும்.

ஐந்தாம் படியில், பாதுகாப்பான பகுதி எது, மின்சாரம் உள்ள பகுதி எது என்பது கயிறு அல்லது கொடிகளால் பிரித்துக் காட்டப்பட்டு, குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் நேரில் விளக்கப்படுகிறது.

எழுத்தில் அனுமதி

தென் மாநிலங்களில் 'லைன் கிளியர்' என்றும், வட மாநிலங்களில் 'ஷட்டவுன்' என்றும் பேச்சுவழக்கில் குறிப்பிடப்படும் பணி அனுமதி, இந்தப் படிகளை இணைக்கும் ஆவணமாகும். எந்தப் பாதை, எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை, எங்கெல்லாம் பிரிக்கப்பட்டது, எங்கெல்லாம் புவியிணைப்புச் செய்யப்பட்டது, யார் பொறுப்பு என்பன அதில் பதிவாகின்றன. வேலை முடிந்து, ஆட்கள் அனைவரும் கீழே இறங்கி, புவியிணைப்புகள் அகற்றப்பட்ட பிறகு, அனுமதி பெற்றவரே அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு குழுக்கள் இருந்தால் இரண்டு அனுமதிகள், இரண்டு பூட்டுகள் என்பது சிறந்த நடைமுறை. கடைசிப் பூட்டு கழற்றப்படும் வரை சுவிட்சை இயக்கவே முடியாது என்பதால், ஒருவரது நினைவாற்றலையோ தொலைபேசி உரையாடலையோ நம்ப வேண்டிய நிலை நீங்குகிறது. குறிப்பிட்ட நேரத்தில் மின்சாரம் வந்துவிடும் என்ற எண்ணத்தில் நேரக் கணக்கை வைத்து வேலை செய்வது எந்தச் சூழலிலும் ஏற்கத்தக்கதல்ல.

புயல், மழைக்குப் பிந்தைய சீரமைப்புப் பணிகளில்தான் இந்த ஒழுங்கு குலையும் வாய்ப்பு அதிகம். இருளில் தவிக்கும் மக்களின் அழுத்தம், ஆள் பற்றாக்குறை, இரவு நேரம், ஈரம் ஆகியவை ஒன்றுசேரும்போது, சில நிமிடங்கள் பிடிக்கும் புவியிணைப்பே முதலில் கைவிடப்படுகிறது. அன்றாடக் கூலிக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், மேலிருந்து வரும் உத்தரவை மறுக்க இயலாத நிலையில் இருப்பது ஆபத்தை மேலும் கூட்டுகிறது.

கையுறை மட்டும் போதுமா?

ரப்பர் கையுறைகள் அவை தாங்கக்கூடிய மின்னழுத்தத்தைப் பொறுத்து வகைப்படுத்தப்படுகின்றன. 1,000 வோல்ட் வரை பயன்படுத்தத்தக்க கையுறை, 11,000 வோல்ட் கம்பியில் எந்தப் பாதுகாப்பையும் தராது. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கையுறை பயனற்றதாகிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் அணிவதற்கு முன், கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்கேனும் காற்று கசிகிறதா எனப் பார்க்க வேண்டும். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, காப்பிடப்பட்ட காலணி ஆகியவையும் அவசியமே. எனினும் இவை அனைத்தும் ஐந்து படிகளுக்குத் துணையாக வருபவை. அவற்றுக்கு மாற்றாக அமைய மாட்டா.

சட்டம் கூறுவது என்ன?

நீண்ட காலம் நடைமுறையில் இருந்த 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுக்குப் பதிலாக, மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றுக்கு மாற்றாக 2023-இல் புதிய ஒழுங்குமுறைகள் அறிவிக்கப்பட்டன. கம்பியைக் கையாளும் முன் புவியிணைப்பு போன்ற தகுந்த முறையில் மின்னூட்டத்தை நீக்க வேண்டும், கையுறை, இடுப்புப் பட்டை, புவியிணைப்புக் கருவி, தலைக்கவசம், சோதனைக் கருவி உள்ளிட்டவற்றை ஊழியர்களுக்கு வழங்க வேண்டும், அதிகாரம் அளிக்கப்படாதவர் மின்சாரம் உள்ள பாதையில் வேலை செய்யக் கூடாது என்பன இத்தகைய ஒழுங்குமுறைகளின் அடிப்படை.

மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆவது பிரிவின்படி, உயிரிழப்பையோ காயத்தையோ ஏற்படுத்தும் மின் விபத்துகள் குறித்து மின் ஆய்வாளருக்குத் தகவல் தெரிவிக்கப்பட வேண்டும். விபத்தின் காரணம் குறித்து விசாரணைக்கு உத்தரவிடவும் அந்தப் பிரிவு வழிவகை செய்கிறது. களப்பணியாளர்களின் பங்களிப்பை நினைவுகூரும் வகையில் மார்ச் 4-ஆம் தேதி லைன்மேன் தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.

நுகர்வோரின் பங்கு

கம்பத்தில் இருக்கும் ஊழியரின் உயிர், அவர் ஒருபோதும் சந்தித்திராத ஒரு வீட்டின் மின் இணைப்பையும் சார்ந்துள்ளது. ஜெனரேட்டர் அல்லது இன்வெர்ட்டர் வைத்திருப்போர், இரண்டு மின்சாரமும் ஒரே நேரத்தில் இணைய முடியாதபடி மாற்றுச் சுவிட்சை உரிமம் பெற்ற மின்பணியாளர் மூலம் பொருத்த வேண்டும். ஜெனரேட்டரின் வயரை வீட்டின் பிளக் ஒன்றில் நேரடியாகச் செருகுவது, தெருவில் உள்ள கம்பிக்கு மின்சாரம் அனுப்புவதற்கு ஒப்பாகும்.

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டதையடுத்து, வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள் பெருகி வருகின்றன. மின்கட்டமைப்புடன் இணைந்த சூரிய இன்வெர்ட்டர்கள், வெளி மின்சாரம் நின்றதும் தாமாகவே நின்றுவிட வேண்டும். தரச்சான்று பெற்ற கருவிகளைப் பொருத்துவதும், பின்னர் அவற்றின் இணைப்புகளை மாற்றி அமைக்காமல் இருப்பதும் இந்தப் பாதுகாப்பை நிலைநிறுத்தும்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடக் கூடாது. முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். உலர்ந்த மரக்கட்டையால் விலக்கும் முறை வீட்டு மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும். உயர் அழுத்தக் கம்பியில், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை அருகில் செல்லவே கூடாது. அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றியுள்ள நிலத்திலும் மின்னழுத்தம் பரவியிருக்கும் என்பதால், குறைந்தது 10 மீட்டர் தொலைவில் நின்று மற்றவர்களையும் தடுக்க வேண்டும். மின்வாரியத்தை 1912 என்ற எண்ணிலும், அவசர உதவியை 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மீட்கப்பட்டவரிடம் அசைவும் சீரான மூச்சும் இல்லையெனில், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அழுத்தம் கொடுக்கும் முதலுதவியை உடனே தொடங்கி, மருத்துவ உதவி வரும் வரை நிறுத்தாமல் தொடர வேண்டும். எழுந்து நடமாடும் நிலையில் இருந்தாலும், வெளியில் தெரியாத உள் தீக்காயமும் இதயத் துடிப்புக் கோளாறும் இருக்கக்கூடும் என்பதால், மின்சாரம் தாக்கியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது அவசியம்.