போன வருட ரிப்போர்ட் எங்கே?

2018 மார்ச்சில் திருநெல்வேலி மாவட்ட விற்பனை எவ்வளவு என்று ஒரு நிறுவனத்தில் ஆடிட்டர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று மேலதிகாரிகளுக்குப் போன ரிப்போர்ட்டில் ஒரு தொகை இருக்கிறது. அதே ரிப்போர்ட்டை அதே மாதத்துக்கு இன்று ஓட்டினால் கணிசமாகக் குறைந்த வேறொரு தொகை வருகிறது. யாரும் தில்லுமுல்லு செய்யவில்லை. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதும், கடைகளின் பட்டியலில் மாவட்டத்தை ஒருவர் முறைப்படி மாற்றியிருக்கிறார். சங்கரன்கோவில் கடையின் 2018 விற்பனையும் அந்தக் கடையோடு சேர்ந்து தென்காசிக்குப் போய்விட்டது.

எந்தக் கடை எந்தத் தேதி வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதையும் பதிந்துவைக்கும்படி டேட்டாபேஸை வடிவமைத்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் இது ஒன்று மட்டும் காரணமில்லை. மாதம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த கிரெடிட் நோட், திருத்தப்பட்ட கணக்கீட்டு விதி, ரிப்போர்ட்டை ஓட்டுபவருக்கு எந்தெந்தக் கிளைகளைப் பார்க்க அனுமதி இருக்கிறது என்பது, எல்லாமே தொகையை மாற்றும். "டேட்டா பத்திரமாக இருக்கிறது, வேண்டும்போது ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு பாதிதான் சரி. அன்று என்ன நடந்தது என்பதை டேட்டா சொல்லலாம். அன்று மேசைக்கு வந்த எண் எது, எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்பதை, அன்று வெளிவந்த ரிப்போர்ட்தான் சொல்லும். தொடர்தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அடித்துத் தள்ளிய காலத்தில் இந்தக் கவலை இல்லை. கட்டி அலமாரியில் போட்டுவிடுவார்கள்.

வெளிவந்த ரிப்போர்ட்டைச் சேமிப்பதை இன்றைய ரிப்போர்ட் மென்பொருள்கள் ஆளுக்கொரு விதமாகக் கையாள்கின்றன. ஐபிஎம்மின் காக்னோஸில் ஓட்டிச் சேமித்த அவுட்புட், கன்டென்ட் ஸ்டோர் எனப்படும் டேட்டாபேஸுக்குள் போய் உட்காரும். எத்தனை பதிப்புகள் வைப்பது, அல்லது எத்தனை நாள், எத்தனை மாதம் வைப்பது என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் சொல்லலாம். நாமாக மாற்றாதவரை பொதுவாக ஒரே ஒரு பதிப்புதான். ஏப்ரல் ரிப்போர்ட் வந்து சேர்ந்ததும் மார்ச் ரிப்போர்ட் சத்தமில்லாமல் போய்விடும். எஸ்ஏபியின் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸில் அவுட்புட் தனிக் கோப்பாகச் சர்வரின் கோப்புக் களஞ்சியத்தில் இருக்கும். அது எந்த ரிப்போர்ட், யார் ஓட்டியது என்ற விவரமோ தனியாக ஒரு டேட்டாபேஸில். கோப்புகளை மட்டும் பேக்கப் எடுத்து டேட்டாபேஸை விட்டால் மிஞ்சுவது பெயர் தெரியாத கோப்புகளின் குவியல். மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்ஆர்எஸ், அன்றைய டேட்டாவையும் வடிவத்தையும் சேர்த்து ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைக்கும். நல்ல வசதி. ஆனால் அந்த ரிப்போர்ட்டையே யாராவது நீக்கினால் அதன் வரலாறும் கூடவே அழிந்துபோகும். பவர் பிஐ திரையில் நாம் பார்ப்பது கடைசி ரிஃப்ரெஷ் நிலவரம். நேற்று எப்படித் தெரிந்தது என்பதை அது தானாக எடுத்துவைப்பதில்லை.

சரி, எல்லாப் பதிப்புகளையும் வைத்துக்கொள் என்று அமைத்துவிடலாமே? சில அலுவலகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். 200 கிளைகளுக்குத் தினமும் தலா ஒரு 5 எம்பி பிடிஎஃப் என்றால் ஒரு நாளைக்கு 1 ஜிபி, வருடத்துக்கு 365 ஜிபி. காக்னோஸ் போன்றவற்றில், ரிப்போர்ட்களின் வடிவம், பயனர்களின் உரிமைகள், ஓட வேண்டிய நேர அட்டவணை எல்லாம் இருக்கும் அதே டேட்டாபேஸில் இந்தச் சுமையும் ஏறுகிறது. பேக்கப் இரவைத் தாண்டி விடியலுக்கு இழுக்கும். புதிய பதிப்புக்கு மாறும் வேலை வார இறுதிக்குள் முடியாது. பிறகு பயந்துபோய் மொத்தமாக அழித்தாலும், டேட்டாபேஸ் கோப்பின் அளவு உடனே சுருங்கிவிடாது.

ஆகவே வெளியே எடுத்துவைப்பதுதான் வழி. காக்னோஸிலேயே அவுட்புட்டை வெளிக் கோப்புறைக்கோ ஃபைல்நெட் போன்ற ஆவணக் களஞ்சியத்துக்கோ அனுப்ப ஏற்பாடு உண்டு. மற்றவற்றில் குறிப்பிட்ட கோப்புறைக்குப் பிடிஎஃப் அனுப்பும்படி அட்டவணை போட்டாலே வேலை நடக்கும். கருவிக்குள்ளேயே ஏன் வைக்கக்கூடாது என்பதற்கு இடப் பிரச்சினையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: கருவியின் ஆயுள். இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம் 128-ஆவது பிரிவின்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தில் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம். அந்த 8 ஆண்டுக்குள் நிறுவனம் மென்பொருளை மாற்றியிருக்கலாம், உரிமக் கட்டணத்தை நிறுத்தியிருக்கலாம்.

இந்தச் சட்டங்கள் எல்லா ரிப்போர்ட்டையும் வைக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். காலை ஸ்டாக் நிலவரத்தை ஒரு வாரம் வைத்தாலே அதிகம். மாத முடிவு, ஆண்டு முடிவு, இயக்குநர் குழுவுக்குப் போனது, வங்கிக்கோ அரசுக்கோ கொடுத்தது, இவைதான் நீண்ட காலத்துக்கு உரியவை. என் கணக்கில் ஓர் அலுவலகத்தின் ரிப்போர்ட்களில் மிகச் சிறிய பங்குதான் இந்த வரிசையில் வரும். அதை முடிவுசெய்ய வேண்டியவர் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் அல்ல, கணக்குத் துறை. நடைமுறையில் யாரும் சொல்லாததால் அட்மினே தோராயமாக ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்.

வடிவத்துக்கு வருவோம். நீண்ட காலச் சேமிப்புக்கென்றே பிடிஎஃப்-ஏ என்ற வகையை 2005-ல் ஐஎஸ்ஓ தரமாக வெளியிட்டார்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. பாமினியில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து விழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எக்செல்லில் எச்சரிக்கை வேண்டும்: டேட்டாபேஸோடு இணைப்பு வைத்திருக்கும் எக்செல் கோப்பு, திறந்து ரிஃப்ரெஷ் செய்ததும் இன்றைய எண்ணைக் காட்டத் தொடங்கிவிடும். இணைப்பை அறுத்து மதிப்புகளை மட்டும் வைத்த கோப்பு என்றால் சரி.

கோப்பின் பெயர் மட்டும் போதாது. எப்போது ஓட்டியது, எந்தப் பயனரின் உரிமையில், எந்தத் தேதி வரையிலான டேட்டா, எந்தெந்தத் தேர்வுகளைக் கொடுத்து என்பதெல்லாம் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலேயே அச்சாகும்படி வடிவமைத்தால், கோப்பு எங்கு அலைந்தாலும் விவரம் கூடவே போகும். "மண்டலம்: தெற்கு" என்று தேர்ந்தெடுத்தது எங்கும் அச்சாகாத ஒரு ரிப்போர்ட்டை, ஐந்து வருடம் கழித்து மொத்த நிறுவனத்தின் விற்பனை என்று படித்துவிட வாய்ப்பு உண்டு.

அழிப்பதற்கும் ஒரு தேதி வேண்டும். சம்பளப் பட்டியலிலும் வாடிக்கையாளர் பட்டியலிலும் தனிநபர் விவரம் இருக்கிறது. நோக்கம் முடிந்த பிறகு, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத பட்சத்தில், அத்தகைய விவரத்தை அழிக்கவேண்டும் என்பது 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை. வழக்கோ வரி விசாரணையோ நடக்கும்போது மட்டும் அது தொடர்பானவற்றில் தானாக அழிக்கும் ஏற்பாட்டை நிறுத்திவைக்க வேண்டும். அந்த நிறுத்தத்தைப் போடவும் எடுக்கவும் யாருக்கு அதிகாரம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைத்திருப்பது நல்லது. நோட்டீஸ் வந்த அன்று அட்மின் விடுப்பில் இருக்கலாம்.