வாந்திபேதிக் கிருமியை மாணாக்கர் ஆராயும் விதமும், அதனால் கிராமத்தார் அறியத்தக்கதும்

வாந்திபேதி அல்லது காலரா என்னும் வியாதி, மாலையில் வயலிலிருந்து திடகாத்திரமாய்த் திரும்பிய ஒருவனை மறுநாள் உச்சிப்பொழுதிற்குள் மாய்த்துவிடக் கூடியது. தேவதையின் கோபமே இதற்குக் காரணமென்றும், கெட்ட காற்றே காரணமென்றும் ஜனங்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். இந்நம்பிக்கை கிராமவாசிகளுக்கு மாத்திரம் உரியதன்று. 1854-ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரத்து வைத்தியர்களில் பெரும்பாலோரும் கெட்ட காற்றின்மீதே குற்றஞ் சாட்டினர்.

தற்காலத்தில் கிருமி சாஸ்திரம் பயிலும் மாணாக்கர் இவ்வியாதியின் கிருமியைக் கண்ணாரக் கண்டு, அதன் குணங்களை ஒவ்வொன்றாய்ப் பரீட்சித்து அறிகின்றனர். கோடிக்கணக்கான கிருமிகளை அவர்கள் கையாண்டும், விதிகளைப் பிசகாது அனுசரிக்கிறவரையில், அவர்களுக்கு அவ்வியாதி வருவதில்லை. அதன் இரகசியம் கிராமத்தாரும் அறிந்து கைக்கொள்ளத் தக்கதாகும்.

கிருமி கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு

1854-ல் லண்டனில் பிராட் தெரு என்னுமிடத்தில் வாந்திபேதி கடுமையாய்ப் பரவிற்று. ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் வீடு வீடாய் விசாரித்து, இறந்தவர்களிற் பெரும்பாலோர் அத்தெருவிலிருந்த ஒரே குழாய்க் கிணற்று நீரைக் குடித்தவர்களென்று கண்டார். அவர் கூறியபடி அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அதே வருஷத்தில் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில் பாச்சினி என்பவர், இறந்தவர்களின் குடலில் இக்கிருமியைக் கண்டு எழுதினார். அவர் எழுதியதை அக்காலத்தார் பொருட்படுத்தவில்லை.

முப்பது வருஷங்களுக்குப் பின், ஜெர்மானிய சாஸ்திரியாகிய ராபர்ட் காக் 1883-ல் எகிப்து சென்று, அங்கிருந்து கல்கத்தா வந்தார். 1884-ல் அவர் இக்கிருமியைக் கலப்பின்றித் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். கல்கத்தாவைச் சார்ந்த ஒரு குளத்தைச் சுற்றி வாந்திபேதி கண்டிருந்தது. ஜனங்கள் அக்குளத்திலேயே குளித்து, துணி துவைத்து, அதன் நீரையே குடித்தும் வந்தனர். அந்நீரிலும் காக் இக்கிருமியைக் கண்டார்.

வடிவமும் ஓட்டமும்

ஆசிரியர் கொடுக்கும் மாதிரியில் ஒரு துளியை எடுத்து, மாணாக்கர் அதைக் கண்ணாடிச் சில்லின் அடியில் தொங்கவிட்டுப் பூதக்கண்ணாடியால் நோக்குவர். வாய்க்காலில் மீன்குஞ்சுகள் பாய்வது போல, கிருமிகள் இங்குமங்கும் விரைந்தோடுவது தெரியும். சாயமேற்றிப் பார்த்தால் அவை சிவந்த நிறத்துடன், சற்றே வளைந்த சிறு கோல்களாய்த் தோன்றும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே. ஒரு முனையில் ஒரே வாலுண்டு. அதன் உதவியாலேயே நீந்துகிறது. இது நீரில் வாழும் ஜீவன் என்பது இதனால் விளங்கும். கடலை அடுத்த உப்பங்கழிகளில் சிறு நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு இது வெகுகாலம் வாழவும் கூடும்.

வளர்க்கும் விதம்

மலத்தில் வேறு பல கிருமிகளும் கலந்திருக்குமாதலால், இதனைத் தனியே பிரிப்பதற்கு ஓர் உபாயம் செய்கின்றனர். வண்ணார் பயன்படுத்தும் உவர்மண்ணைப் போன்ற க்ஷார குணத்தில் மற்றக் கிருமிகள் தயங்கும். இக்கிருமியோ செழித்து வளரும். ஆகவே க்ஷாரம் சேர்ந்த சத்து நீரில் மாதிரியை இட்டு ஆறு முதல் எட்டு மணி நேரம் வைக்க, காற்றை நாடி இக்கிருமிகள் மேற்பரப்பில் மெல்லிய ஏடாய்ப் படரும். அதிலிருந்து கம்பி வளையத்தால் சிறிது எடுத்து, கடற்பாசியிலிருந்து செய்யப்படும் அகர் என்னும் கட்டியின்மேல் கோடிழுத்து, 37 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஓரிரவு வைப்பர். அந்த அகரில் சர்க்கரையும் ஒருவகைச் சாயமும் சேர்ந்திருக்கும். கிருமி சர்க்கரையைப் புளிக்கச் செய்வதால், மறுநாள் கேழ்வரகு மணியளவு மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்படும்.

க்ஷாரத்தை விரும்பும் இக்கிருமிக்குப் புளிப்பு பகையாம். மனிதனுடைய இரைப்பையில் இயற்கையாயுள்ள புளிப்பு நீர் இதனைப் பெரும்பாலும் கொன்றுவிடும். வயிற்றில் அப்புளிப்புக் குறைந்தவர்களை மிகச் சொற்பமான கிருமிகளும் வீழ்த்திவிடும்.

இனம் அறுதியிடுதல்

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்பவர் ஒரு ரசீதைக் கண்ட மாத்திரத்தில் திருப்தியடையாது, பேரேட்டையும் இருப்பையும் ஒத்துப் பார்ப்பது போல, மாணாக்கரும் மஞ்சள் பொட்டைக் கண்டவுடன் முடிவு கூறுவதில்லை. மேலும் சில இரசாயனப் பரிசோதனைகள் செய்து, கடைசியில் இக்கிருமிக்கெனத் தயாரித்த எதிர் மருந்து நீரை ஒரு துளி சேர்ப்பர். உரிய இனமாயின், பால் திரிந்தாற்போல் கிருமிகள் திரண்டு நிற்கும்.

இக்கிருமியில் இருநூறுக்கு மேற்பட்ட பிரிவுகள் இருந்தும், கொள்ளை நோயாய்ப் பரவியவை இரண்டே: ஓ-1, ஓ-139 என்பன. இரண்டாவது பிரிவு 1992-ஆம் வருஷ இறுதியில் சென்னையில் முதன்முதலாய்த் தென்பட்டது. ஓ-1 பிரிவுக்கான எதிர் மருந்து நீரில் அது திரளவில்லை. வந்தது புதியதென்று அதனாலேயே அறியப்பட்டது.

விஷத்தின் செய்கை

1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் வைத்திய சாஸ்திரி, இக்கிருமி ஒரு விஷத்தைச் சுரக்கிறதென்பதை முயலின் குடலைக்கொண்டு நிரூபித்தார். அவ்விஷம் குடலைப் புண்ணாக்குவதன்று. குடற்சுவரிலிருந்து உப்பும் நீரும் இடைவிடாது ஒழுகும்படி செய்கிறது. மலம் அரிசி கழுவிய கழுநீர் போலாகிறது. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் வெளியேறும். நோயாளி இறப்பது கிருமி அவனைத் தின்பதால் அன்று. சரீரம் வற்றிப் போவதாலேயே.

குடல் கெடாதிருப்பதால், சர்க்கரையோடு சேர்ந்து உப்பும் நீரும் உள்ளே செல்லும் வழி அடைபடுவதில்லை. 1971-ல் வங்காள எல்லையிலுள்ள பங்காவ்ன் அகதி முகாமில், ஊசி வழி ஏற்றும் மருந்து நீர் போதாமற்போகவே, திலீப் மகலநபீஸ் என்னும் வைத்தியர் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய் வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரையிலிருந்த மரணம் நூற்றுக்கு நான்கிற்கும் குறைந்தது.

கிராமத்தார் செய்யத்தக்கவை

பரிசோதனைச் சாலையின் விதிகள் எளியவை. அங்கே ஒருவரும் உண்பதில்லை, குடிப்பதில்லை, கையை வாயருகே கொண்டுபோவதில்லை. வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுவர். கிருமி பட்ட பொருள்கள் யாவும் 121 டிகிரி நீராவியில் பதினைந்து நிமிஷம் வெந்த பின்னரே வெளிச் செல்லும். இக்கிருமி உட்புகும் வாசல் வாய் ஒன்றே. அவர்கள் அதனை அடைத்து வைக்கின்றனர். கிராமத்தில் அதே வாசலை அடைப்பது பின்வருமாறு:

1. கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவரும், சாய்தளமும், கழிவு நீர் செல்ல வாய்க்காலும் அமைத்தல் வேண்டும். ஒருவரால் ஆகாத செலவு, ஊரார் கூடிப் பங்கிட்டால் இலகுவாகும்.

2. நோய் காணுங் காலத்தில் குடிநீரைக் கொதிக்கவைத்துக் குடித்தல் வேண்டும். சுகாதார ஊழியரைக்கொண்டு கிணற்றில் சலவைத்தூள் இடச் செய்து, ஒரு மணி நேரங் கழித்தே நீர் இறைத்தல் வேண்டும்.

3. விறகு அகப்படாவிடில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டுதலும் நன்று. பங்களாதேசத்துக் கிராமங்களில் இவ்வாறு செய்ததில் நோய் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்ததென 2003-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஆயினும் இது கொதிக்கவைத்தலுக்கு ஈடாகாது.

4. நோயாளியின் துணிகளைக் குளத்திலோ கிணற்றருகிலோ துவைத்தலாகாது. மலம் கழித்தபின்பும், உணவைத் தொடுமுன்பும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

5. பேதி கண்டவுடன், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி சிறுகச் சிறுகக் கொடுத்தல் வேண்டும். தாய்ப்பால் உண்ணும் குழந்தைக்கு அதை நிறுத்தலாகாது. கண் குழிந்து, சோர்வு மிகுந்து, சிறுநீர் நின்றால், தாமதியாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். வழியிலும் அந்நீரைக் கொடுத்துக்கொண்டே செல்லுதல் அவசியம்.

பேதி காண்கையில் தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகுமென்று எண்ணி, நோயாளியைத் தாகத்தால் வாட்டும் வழக்கம் பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. மாணாக்கர் கற்கும் பாடத்தில் இவ்வொன்றையேனும் ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார் அறிந்திருப்பார்களாயின், அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையும் இல்லாத குறையால் ஒரு குழந்தையும் மடிய வேண்டுவதில்லை.